நோயாளியைப் பார்க்கப் போகும் அந்த ஒரு மணித்தியாலத்தின் வரலாறு



போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமமொன்றில் ஒரு விவாதம் சூடாக ஓடியது. சத்திரசிகிச்சை முடிந்து வாட்டில் இருந்த ஒரு மாமாவைப் பார்ப்பதற்கு வேன் நிறையப் பதினொரு பேர் போயிருக்கிறார்கள். வாசலில் நின்ற காவலாளி இரண்டு பேரை மட்டும் உள்ளே விட்டு, மற்றவர்களை நிறுத்திவிட்டார். "நோயாளியைப் பார்ப்பது மார்க்கம் சொன்ன கடமை, அதைத் தடுக்க இவர் யார்?" என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரி என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, அங்கே அவன் போட்ட சட்டம்தான் நடக்கும், நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்றார் இன்னொருவர். இஷா வரைக்கும் குரல் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன.

காவலாளி சரியா, வேனில் போனவர்கள் சரியா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டாவது கூற்று வரலாறு சம்பந்தப்பட்டது. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிற நமக்கு அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

*பள்ளிவாசலுக்குள் ஒரு கூடாரம்*

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, கி.பி. 627. மதீனாவில் அகழ் யுத்தம் நடந்த நாட்கள். அன்ஸாரிகளின் தலைவர்களில் ஒருவரான ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையில் அம்பு தைத்து இரத்தக் குழாய் அறுந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அவருக்காக மஸ்ஜிதுந் நபவிக்குள்ளேயே ஒரு கூடாரம் அடிக்கச் செய்தார்கள். ஏன் பள்ளிவாசலுக்குள்? ஸஹீஹுல் புகாரியில் அதற்கான காரணமும் பதிவாகியிருக்கிறது: அருகில் இருந்து அவரை நலம் விசாரிப்பதற்காக.

நோயாளி தொலைவில் கிடந்து, பார்க்கிறவர்கள் நேரம் கிடைக்கும்போது போய் வருவது என்றில்லாமல், சமூகத்தின் நடு இடத்துக்கே நோயாளி கொண்டுவரப்பட்டார். காயங்களுக்கு மருந்திடுவதில் தேர்ந்த ருஃபைதா (ரழி) என்ற பெண்மணியின் கூடாரம் அது என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. சிகிச்சை, பராமரிப்பு, நலம் விசாரிப்பு மூன்றும் ஒரே கூடாரத்தின் கீழ் நடந்தன. இன்று வாட் என்று நாம் சொல்வதில் இருப்பதும் இந்த மூன்றும்தான்.

நோயாளியை விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் மீதுள்ள உரிமைகளில் ஒன்று என்று ஹதீஸில் வருகிறது. இதில் "உரிமை" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது படுத்திருப்பவருடைய உரிமை. பார்க்கப் போகிறவருக்கு அது கடமை. வட்ஸ்அப்பில் நடந்த விவாதத்தில் இந்த இரண்டும் இடம் மாறிப் போயிருந்தன.

முஸ்லிமுக்கு மட்டும் உரியது என்று இதைச் சுருக்கவும் முடியாது. நபியவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த ஒரு யூதச் சிறுவன் நோயுற்றபோது, அவன் வீடு தேடிப் போய், தலைமாட்டில் அமர்ந்து விசாரித்தார்கள். அதுவும் புகாரியில் உள்ளதுதான்.

கட்டுப்பாடும் அங்கிருந்தே வருகிறது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகவேண்டாம், அந்த ஊரில் இருப்பவர் அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்பது நபிமொழி. ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கு போய்க்கொண்டிருந்த கலீபா உமர் (ரழி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்பினார்கள். ஆகவே "போய்ப் பார்" என்று சொன்ன மார்க்கமே "இப்போது போகாதே" என்றும் சொல்லியிருக்கிறது.

*பீமாரிஸ்தான்கள்*

பாரசீக மொழியில் 'பீமார்' என்றால் நோயாளி, 'ஸ்தான்' என்றால் இடம். கெய்ரோவில் அஹ்மத் இப்னு தூலூன் 870களில் ஒரு பீமாரிஸ்தானைக் கட்டினார். அங்கு அனுமதிக்கப்படுகிறவர் தன்னுடைய உடுப்பையும் பணத்தையும் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆஸ்பத்திரி உடுப்பும் கட்டிலும் மருந்தும் சாப்பாடும் இலவசம். ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் சாப்பிடும் அளவுக்குத் தேறிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அந்தக் காலத்தில் துண்டு வெட்டிய முறை அது!

இப்னு தூலூனைப் பற்றி வரலாற்றாசிரியர் மக்ரீஸி ஒரு சம்பவம் சொல்கிறார். ஆட்சியாளரான அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தானே போய் மருந்துக் களஞ்சியத்தையும் வைத்தியர்களின் வேலையையும் பார்த்து, நோயாளிகளையும் விசாரிப்பாராம். ஒருநாள் மனநோய்ப் பகுதியில் இருந்த ஒருவர் மாதுளம்பழம் ஒன்று கேட்டார். கொடுக்கச் செய்தார். வாங்கியவர் அதை அப்படியே ஆட்சியாளரின் நெஞ்சில் எறிந்துவிட்டார். அதோடு இப்னு தூலூன் அந்தப் பக்கம் போகவில்லையாம். பார்வையாளர்களால் நோயாளிக்குத் தொந்தரவு வருவது போல, நோயாளிகளால் பார்வையாளருக்கு வந்த தொந்தரவும் வரலாற்றில் உண்டு.

டமஸ்கஸில் நூருத்தீன் ஸன்கி 1154இல் கட்டிய நூரி பீமாரிஸ்தான் இன்னும் பெயர் சொல்கிறது. அதன் மருந்தில் குணமடைந்தவர்களில் ஒருவர் மம்லூக் தளபதி கலாவூன். கடுமையான வயிற்று வலியிலிருந்து எழுந்தவர், அல்லாஹ் தனக்கு ஆட்சியைத் தந்தால் இதுபோல ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். சுல்தானானதும் 1284இல் கெய்ரோவில் மன்ஸூரி பீமாரிஸ்தான் எழுந்தது. பணக்காரர், ஏழை, ஆண், பெண், சுதந்திரமானவர், அடிமை என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் அது திறந்திருக்க வேண்டும் என்று வக்பு பத்திரம் எழுதப்பட்டது. கடைகள், குளியல் மண்டபங்கள், காணிகள் என்று வக்பு செய்யப்பட்ட சொத்துகளின் வருமானத்தில் அது நடந்தது.

சத்திரசிகிச்சையையும் சொல்ல வேண்டும். குர்துபாவுக்கு அருகே வாழ்ந்து 1013இல் வபாத்தான அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட தன்னுடைய 'அத்தஸ்ரீஃப்' நூலின் கடைசிப் பாகத்தைச் சத்திரவைத்தியத்துக்கே ஒதுக்கினார். ஏறத்தாழ 200 கருவிகளை வரைந்து காட்டினார். மிருகக் குடலில் செய்த நூலால் உள்ளே தையல் போட்டால் உடம்பு அதைத் தானாகக் கரைத்துக்கொள்ளும் என்று எழுதினார். "கரையும் நூல்தான் போட்டிருக்கு, தையல் வெட்டத் தேவையில்லை" என்று இன்றைக்கு டொக்டர் சொல்லும்போது, ஆயிரம் வருஷத்துக் கதையொன்று அதற்குப் பின்னால் இருக்கிறது.

*நம் தீவில்*

இங்கேயும் ஆஸ்பத்திரியை வெள்ளைக்காரன் முதலில் கொண்டுவரவில்லை. மிஹிந்தலைக்குப் போனவர்கள் மலையடிவாரத்தில் அந்தச் சிறிய அறைகளின் அத்திவாரத்தையும், மனித உருவில் குடைந்த கல் மருந்துத் தொட்டியையும் பார்த்திருப்பீர்கள். 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சேனன் காலத்துப் பௌத்த மடாலய வைத்தியசாலை அது. அங்கு கிடைத்த நீல மெருகுச் சாடிகள் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தவை என்று கருதப்படுகிறது. நம் முன்னோர்கள் கப்பலில் வந்து போன அதே கடல்வழி.

கண்டி அரசர் காலத்தில் அரண்மனையின் மருந்துப் பிரிவுக்கு 'பெத்கே' என்று பெயர். அதற்குப் பொறுப்பாக முஸ்லிம் வைத்தியர்களும் இருந்திருக்கிறார்கள். கோபால முதலியார் பரம்பரை அதில் பேர்போனது. பௌத்த அரசன் ஒருவன் தன் உயிரையே முஸ்லிம் வைத்தியர் கையில் ஒப்படைத்திருந்தான். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையில் கட்டிய ஆஸ்பத்திரி அவர்களுடைய கம்பனி ஆட்களுக்கானது. இன்று அந்தக் கட்டடம் கடைகளும் உணவகங்களுமாக இருக்கிறது. ஆங்கிலேயர் 1858இல் சிவில் மருத்துவத் திணைக்களத்தை அமைத்தார்கள். 1864இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரி வந்தது. 1870இல் மருத்துவக் கல்லூரி. வடக்கில், 1847இல் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். 'இரணவைத்தியம்' என்ற பெயரில் சத்திரசிகிச்சை நூலொன்று 1867இல் தமிழில் அச்சானது அவருடைய முயற்சியால்தான்.

இதெல்லாம் நடந்தும், சாதாரண ஊர்ச்சனத்துக்கு ஆஸ்பத்திரி தூரமாகவே இருந்தது. பரிசாரியாரின் குடிநீரும், மருத்துவிச்சியின் கையும், ஆலிம்ஸா ஓதித் தந்த தண்ணீரும்தான் ஊரில் வைத்தியம். மூத்தம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். திரும்பி வராத இடம் என்று நினைத்த காலம் அது.

அந்த நினைப்பை மாற்றியதில் ஒரு பேரழிவுக்கும் பங்குண்டு. 1934–35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1931இல், ஆண், பெண், படித்தவர், படியாதவர் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் கிராமத்துச் சனம் பாலத்தையும் பள்ளிக்கூடத்தையும் போல டிஸ்பென்சரியையும் கேட்டது. ஆஸ்பத்திரிகள் கிராமப்புறங்களுக்கு வந்தன. 1945இல் இலவசக் கல்வி. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீங்கியது.

இப்படி யோசித்துப் பாருங்கள். கலாவூனின் வக்பு பத்திரத்தில் இருந்த அதே சொல், பேதமில்லாமல் எல்லோருக்கும் என்பது, இங்கே சுல்தான் இல்லாமலே நடைமுறைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியின் உழைப்பும், சிங்கள விவசாயியின் வரியும், நம்ம கடைக்காரர்களின் வரியும் சேர்ந்துதான் அந்தக் கட்டில்களைப் போட்டன. ஆஸ்பத்திரியில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்ட சகோதரருக்கு நம் பதில் இதுதான். அது நம்முடையது. நம்முடையது மட்டுமல்ல. அதனால்தான் அதை அமானிதம் என்று சொல்கிறோம்.

*ஒரு வாட்டில் கண்டது*

கொஞ்ச நாளைக்கு முன் நம் குடும்பத்தில் ஒரு மாமிக்குப் பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. புதிய கட்டடம், லிஃப்ட், பளிச்சென்ற தரை. வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, கமெரா விட்டு எடுத்திருந்தார்கள். அடுத்த நாளே மிஸ்ஸி வந்து, "அம்மா, எழும்பி நடங்க" என்று கையைப் பிடித்து நடக்க வைத்தார். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம் என்று விளக்கினார். பத்து நாள் அசையாமல் படுக்க வைத்த பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

பார்வையாளர் நேரம் தொடங்கியதும் மாமியின் கட்டிலைச் சுற்றி ஆட்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்கள அம்மா, வயது அறுபதுக்கு மேல். அவருடைய மகள் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வரமுடியும். மற்றப் பக்கத்தில் ஒரு தமிழ் அக்கா. மணி அடித்ததிலிருந்து அந்த அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. பிறகு மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமிதான் நம்மிடம் தாழ்ந்த குரலில் சொன்னா: "என்னையப் பார்த்தது போதும், அங்கால போய் அந்தம்மாக்கிட்ட ரெண்டு வார்த்த கதைங்க." குடும்பத்தில் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒரு தம்பி போய்க் கதைத்தார். மருந்துத் துண்டில் இருந்ததை விளங்கப்படுத்தினார். தன் போனிலிருந்து மகளுக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிமிடம்தான். அந்த அம்மா அழுதுவிட்டார். மறுநாள் தமிழ் அக்காவின் வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் மூவருக்கும் பங்கு இருந்ததாக மாமி பிறகு சொன்னா.

*பார்க்க முடியாமல் போன காலம்*

நலம் விசாரிப்பின் பெறுமதி 2020இல் எல்லோருக்கும் விளங்கியது. வாட்டுக்குள் உறவினர் யாரும் போக முடியாது. அம்புலன்ஸ் கதவு மூடியதோடு கடைசிப் பார்வையும் முடிந்துபோன குடும்பங்கள் உண்டு. நமக்கு அதற்கு மேலும் ஒரு துயரம் வந்தது. 2020 ஏப்ரல் முதல் கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தார்கள். டிசம்பரில் பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அதில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. அங்கு 3,600க்கும் அதிகமானோர் அடக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள் என்றாலும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அதே மண்ணில் உறங்குகிறார்கள். கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அந்த நாட்களில் நமக்கு வலித்த விடயங்கள் இரண்டு. நோய் தொற்றாமலிருக்க வைத்த கட்டுப்பாடு ஒன்று. அதை நாம் ஏற்றுக்கொண்டோம், பள்ளிவாசல்களையே மூடினோம். காரணமில்லாமல் உரிமையைப் பறித்தது மற்றது. அதை நாம் ஏற்கவில்லை. இன்றைக்கு வாட் வாசலில் நிற்கும்போதும் இந்த வேறுபாடு மனதில் இருக்க வேண்டும். இரண்டு பேரை மட்டும் விடுவது முதலாவது வகை. அதனோடு சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை.

அதன் பிறகு 2022 வந்தது. டொலர் இல்லாமல் மருந்து வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. இலவசம் என்பது தானாக வந்துகொண்டே இருக்கும் ஒன்றல்ல என்று அப்போது விளங்கியது.

*சரி, எப்படிப் பார்க்கப் போவது?*

உலமாக்கள் சொன்ன ஒழுங்கும் டொக்டர்மார் சொல்வதும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன.

— போகும் முன் வீட்டாரிடம் கேளுங்கள். சிலருக்கு முதல் நாள் பார்வையாளரே வேண்டாம். போனில் ஸலாமும் துஆவும் போதும்.

— ஒரே நேரத்தில் இரண்டு பேர். வேன் பிடிக்காமல், குடும்பத்துக்குள் முறை வைத்துப் போகலாம். கைக்குழந்தைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

— உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம். காய்ச்சல், தடிமன் இருந்தால் வீட்டிலேயே இருங்கள். சத்திரசிகிச்சைக் காயத்துக்குக் கிருமிதான் பெரிய எதிரி.

— சாப்பாடு கொடுக்கும் முன் மிஸ்ஸியிடம் கேளுங்கள். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு அன்பினால் ஊட்டிய ஒரு வாய் புரியாணி பெரிய பிரச்சினையாகலாம்.

— "இதே ஒப்பரேஷன் செஞ்ச இன்னார் மௌத்தாயிட்டார்" என்ற கதையை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். நபியவர்கள் நோயாளியிடம் ஆறுதலான வார்த்தை சொல்லி, துஆச் செய்தார்கள். நேரம் குறைவாக இருந்து, துஆ நிறைவாக இருக்கட்டும்.

— பெண்கள் வாட்டில் ஆண்கள் கூட்டமாக நிற்பது, அடுத்த கட்டிலில் இருக்கும் பெண்களின் மறைவுக்குச் செய்யும் அநியாயம். நம் வீட்டுப் பெண்கள் அங்கே படுத்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

— படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம்.

கொடுக்க விரும்புகிறவர்கள் அப்பிள் பையோடு நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. நம் நாட்டில் 2014 முதல் குருதிக்கொடை முழுவதும் தன்னார்வலர்களால் நடக்கிறது. மாமாவுக்கு ஏற்றிய இரத்தம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிவாசலில் அடுத்த இரத்ததான முகாம் வைக்கும்போது ஒரு பைந்து கொடுத்துவிட்டு வாருங்கள். மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை 2016இல் தொடங்கிய முயற்சியில், எல்லா இன மக்களும் சேர்ந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரத்துக்காக 20 கோடி ரூபாவுக்கு மேல் திரட்டியதை நாம் பார்த்தோம். கலாவூன் செய்ததும் இந்த வகைதான். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு சக்கர நாற்காலியிலிருந்தாவது தொடங்கலாம்.

இன்னொரு யோசனை. நம்ம ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகாத நாள் கிடையாது. சங்கங்களில் உள்ள இளைஞர்கள் முறை வைத்து, அந்த நேரத்தில் பார்வையாளர் இல்லாத கட்டில்களைக் கேட்டறிந்து, மிஸ்ஸிமாரின் அனுமதியோடு போய்க் கதைத்துவிட்டு வரலாம். சிங்களம் தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். மதம் கேட்கத் தேவையில்லை. இதற்கு முன்வருகிறவர்கள் கீழே பெயரைச் சொல்லுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் சந்தித்து, எந்த நாளுக்கு யார் என்று பிரித்துக்கொள்வோம்.

படுக்கையில் இருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. இரவு பகலாக அவர்களைப் பார்க்கிற டொக்டர்மாருக்கும், மிஸ்ஸிமாருக்கும், தரை கழுவும் சகோதரிகளுக்கும், வாசலில் நின்று ஏச்சு வாங்கும் அந்தக் காவலாளிக்கும் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.